ஆழத்தைத் தவிர வேறு பேச்சில்லை

ஹெஸ்ஸல்
14 அக்டோபர் 2024

அன்புள்ள ரோஸ்,

காலையில் உன்னோடு நான்கு மணி நேரம் ஒரே படகில் நின்றுவிட்டு, வந்த கையோடு உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கேட்டால் ஊரே சிரிக்கும். ஆனால் "படகுல ஆழத்தைத் தவிர வேற பேச்சு கிடையாது. மத்ததை எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பு" என்பது ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ பாலத்தைத் தாண்டி பார்ட்டனுக்குத் தனியாகக் குடிபோன அன்று போட்ட விதி. நான் அதை மீறியதில்லை. படகுப் பெட்டியில் ஒரு பை நிறைய ஆப்பிள் வைத்தேனே, அது பேச்சில் சேராது என்று நினைக்கிறேன். இந்த வருஷம் மரம் ஒடிகிற மாதிரி காய்த்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். நாம் ஆழம் அளந்து கொடுக்கிற சால்ட்ஹாம் துறைமுகத்தைப் பெரிய கம்பெனி வாங்கியதில் நமக்கென்ன என்று இருந்தோம் இல்லையா, அது தப்பு. பழைய முதலாளிகள் சின்னக் கம்பெனி. நாம் வெளியாட்களா, அவர்களுடைய வேலைக்காரர்களா என்று அவர்கள் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. புதியவர்கள் பெரியவர்கள் என்பதால் அதை முடிவு செய்கிற பொறுப்பு சட்டப்படி அவர்கள் தலையில் விழுகிறது. கேள்வித்தாள் அனுப்பியிருக்கிறார்கள். எடுத்துக்கொண்டு நம் கணக்கர் பிரெம்னரிடம் ஓடினேன். அந்த மனிதர் சாவகாசமாகப் பன்றி இறைச்சி வைத்துச் சுட்ட பண்டத்தைத் தின்றுகொண்டே சொன்னார்:

"கூட்டுத்தொழில்னா எடுத்த எடுப்புல அந்தச் சட்டம் உங்களைத் தொடாது டெஸ். மூணு கேள்வி இருக்கு. ஒரே ஆளோ, ஆளும் அவரோட சொந்தக்காரங்களும் சேர்ந்தோ லாபத்துல அறுபது சதவீதமோ அதுக்கு மேலயோ வாங்குறாங்களா? லாபத்துல பெரும்பகுதி ஒரே கம்பெனிகிட்ட இருந்து வருதா? அவங்கவங்க சம்பாதிச்சதை அவங்கவங்க எடுத்துக்குறாங்களா? மூணுக்கும் 'இல்லை'ன்னா நிம்மதியாத் தூங்கலாம். ஒண்ணுக்கு 'ஆமா'ன்னாலும், நீங்க செய்யுற வேலை வேலைக்காரன் வேலை மாதிரி இருக்கான்னு அடுத்து தோண்ட ஆரம்பிச்சுடுவாங்க."

இரண்டாவதற்கு இல்லை. மீன்பிடித் துறையும் காற்றாலைக்காரர்களும் நமக்குப் பாதிக்கு மேல் வேலை தருகிறார்கள். மூன்றாவதற்கும் இல்லை. யார் எவ்வளவு உழைத்தாலும் உனக்குப் பாதி, எனக்குப் பாதி. முதல் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டோம். "நாங்க ஆறு வருஷமா தனித்தனியா இருக்கோமே" என்றேன். "வீடு ரெண்டா இருக்கலாம், கல்யாணப் பத்திரம் ஒண்ணுதானே" என்றார். கணவனும் மனைவியும் சேர்ந்தால் நூறு சதவீதம்.

சட்டம் நம்மைப் பிடித்தால் சம்பளக்காரர் மாதிரி வரியைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். ஆனால் சம்பளக்காரருக்கு உள்ள விடுமுறை கிடையாது, காய்ச்சலுக்குக் காசு கிடையாது. படகின் டீசலையும் எஞ்சினையும் நம் செலவாகக் கழிக்க விடமாட்டார்கள். இப்படி இரண்டு வருஷம் போனால் டன்லினை விற்க வேண்டியதுதான். அந்தப் படகு போய்விட்டால் நாம் என்ன ரோஸ்?

அதனால் யோசித்தேன். விவாகரத்து விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். இருவரும் சேர்ந்தே போடலாமாம். என் பக்கத்தை நிரப்பிவிட்டேன். முடிய ஆறேழு மாதம் ஆகும், அதுவரை பல்லைக் கடித்துக்கொள்ளலாம். பிறகு நாம் சொந்தக்காரர்கள் இல்லை, சட்டமும் இல்லை.

முழங்கால் அறுவை நவம்பர் நான்காம் தேதி. எனக்குப் பதிலாகப் படகோட்ட பெர்சியைக் கேட்டிருக்கிறேன்.

உன்
டெஸ்

*

பார்ட்டன்
17 அக்டோபர் 2024

கூட்டாளி டெஸ்மண்ட் கார்சைடு அவர்களுக்கு,

ஆப்பிள் நன்றாக இருந்தது. கடிதம் நன்றாக இல்லை.

ஆறு வருஷம். இந்த ஆறு வருஷத்தில் ஒரு நாளாவது "ரோஸ், முடித்துக்கொள்வோமா?" என்று கேட்க உனக்கு வாய் வந்ததா? "திரும்பி வா" என்று கேட்கவாவது வந்ததா? இரண்டும் இல்லை. இன்று வரிக்காக ஒரு கம்பெனி கேட்டதும் உடனே பேனாவை எடுத்து அழகாக நிரப்பி, ஆப்பிளுக்குப் பின்னாலேயே அனுப்பிவிட்டாய். நான் என்ன, தேவையில்லாத செலவா, கழித்துவிட? படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன். புதுக் கெட்டில் வாங்க வேண்டும், அதையும் உன் கணக்கில் எழுதிக்கொள்.

விண்ணப்பத்தைக் கிழிக்கவில்லை. சமையலறை அலமாரியில் ரொட்டிப் பெட்டிக்குக் கீழே இருக்கிறது. ஆனால் வரிக்காக நான் கையெழுத்துப் போட மாட்டேன். நான் யாருடைய மனைவி, யாருடைய மனைவி இல்லை என்பதை ஒரு துறைமுகக் கம்பெனியின் கேள்வித்தாள் முடிவு செய்யாது.

இப்போது நான் சொல்வதைக் கேள். முதல் கேள்விக்கு "ஆமாம், சட்டப்படி கணவன் மனைவி" என்று உள்ளதை எழுது. தோண்டட்டும். தோண்டினால் என்ன கிடைக்கும்? படகு நம்முடையது. கருவி நம்முடையது. அளவு தப்பினால் நம் டீசலில் நாமே திரும்பப் போய் அளக்கிறோம். எந்த நாள், எந்த ஓதத்தில், நீர் ஏறும்போதா வடியும்போதா, எந்தக் கோட்டில் போவது என்று நமக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? நாம் வேலைக்காரர்கள் என்றால் இந்த ஹம்பர் ஆறே அவர்களுடைய வேலைக்காரிதான். வாரா வாரம் மணல்மேட்டை இடம் மாற்றுகிற அவளுக்கும் ஒரு சம்பளச் சீட்டு கொடுக்கட்டும்.

ஒருவர் சொல்ல, இன்னொருவர் செய்ய என்று இருக்க முடியாமல்தான் நான் உன் வீட்டிலிருந்தே கிளம்பினேன். படகில் சக்கரம் பிடிக்கிற கையோடு வீட்டிலும் நீயே சக்கரம் பிடித்தாய். எந்தத் திரைச்சீலை, எந்த ஊருக்கு விடுமுறை, என் அக்காவை எப்போது பார்ப்பது, எல்லாம் நீயே. உன்னையே விட்டு வந்தவள், முன்பின் தெரியாத ஒரு கம்பெனிக்கா பணிந்து போவேன்?

படகின் பக்கத்தில் "டி. கார்சைடு, ஆழ அளவை" என்று உன் பெயர் மட்டும் எழுதியிருப்பதைப் பற்றி நான் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

முழங்காலை அலட்சியம் செய்யாதே. வைத்தியர் நடக்கச் சொன்னால் நட.

ரோசலின்ட்

*

ஹெஸ்ஸல்
12 நவம்பர் 2024

அன்புள்ள ரோஸ்,

முழங்கால் நலம். நடக்கிறேன், ஆனால் பென்குயின் மாதிரி.

நீ சொன்னபடியே உள்ளதை எழுதினேன். பதில் வந்துவிட்டது. "வேலையின் தன்மையைப் பரிசீலித்தோம், நீங்கள் எங்கள் வேலைக்காரருக்கு ஒப்பானவர்கள், ஜனவரி ஒப்பந்தத்திலிருந்து வரி பிடிக்கப்படும்" என்று ஒரே பக்கம். காரணம் என்று பெரிதாக எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டிருப்பவர் அந்தப் புது மேலாளர் ஹார்கோர்ட்.

கூடவே ஒரு பொட்டலம். பிரித்தால் இரண்டு ஆரஞ்சு நிற மழைச்சட்டை, முதுகில் பெரிதாகத் துறைமுகத்தின் பெயர். உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. என்னைத் திட்டாதே, குளிராக இருந்ததால் என்னுடையதை ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டேன். பக்கத்து வீட்டு மால்கம் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ன டெஸ், கடைசியில உனக்கும் ஒரு முதலாளி கிடைச்சுட்டாரா?" என்றான். உடனே கழற்றிவிட்டேன். சிரித்தபடிதான் கேட்டான். ஆனால் எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. இருபத்தெட்டு வருஷத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

முடிவை ஏற்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் நாற்பத்தைந்து நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும் என்கிறார் பிரெம்னர். "ஆனா வெறுங்கையோட போகாதீங்க. 'எங்களுக்கு யாரும் உத்தரவு போடுறதில்லை'ன்னு நீங்களே சொன்னா யாரு நம்புவா? அவங்க சொல்லி நீங்க கேக்காத ஒரு சம்பவம் வேணும்" என்கிறார். அப்படி எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. பழைய முதலாளிகள் நமக்கு எதையும் சொன்னதே இல்லையே.

உண்மையைச் சொல்கிறேன் ரோஸ், எனக்குப் பயமாக இருக்கிறது. எதிர்த்து எழுதினால் சால்ட்ஹாம் நம்மை ஒரேயடியாகக் கழற்றிவிட்டால்? ரொட்டிப் பெட்டிக்குக் கீழே இருப்பதை இன்னொரு முறை யோசிப்பாயா? எனக்கென்னவோ அதில் ஆசை என்று நினைத்துவிடாதே.

டெஸ்

*

பார்ட்டன்
20 நவம்பர் 2024

டெஸ்,

நேற்று நடந்ததை நீ பெர்சியிடமிருந்து கேட்டிருப்பாய். அவர் எதையும் மூன்று மடங்காக்கிச் சொல்கிறவர். அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன்.

காலை ஓதத்தில் சால்ட்ஹாமுக்குக் கப்பல் வரும் வாய்க்காலை அளந்தோம். பெர்சி சக்கரம் பிடித்தார். இழுவைப் படகில் முப்பது வருஷம் ஓட்டிய கை, உன்னைவிட நேராகப் போகிறார். வடக்கு வளைவில் தரை திடீரென்று மேலே வந்தது. நம்பாமல் குறுக்கே இன்னொரு கோடு போனோம். சந்தேகமே இல்லை. போன வாரம் இல்லாத ஒரு மேடு, ஒரு தடுப்புச் சுவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மதிய ஓதத்தில் ரீகாவிலிருந்து மரம் ஏற்றிவரும் கப்பல் உள்ளே வர வேண்டும். கணக்குப் போட்டேன். அதன் அடிப்பக்கத்துக்கும் மண்ணுக்கும் நடுவே என் முன்கை நீளம்கூட மிஞ்சாது.

ஆழத்தை அனுப்பின பத்து நிமிஷத்தில் ஹார்கோர்ட்டே கூப்பிட்டார்.

"கார்சைடு அம்மா, கப்பல் ஏற்கெனவே ரெண்டு நாள் லேட். போன வாரம் அளந்ததையே இன்னைக்குப் போட்டுடுங்க. இதை நாளைக்கு அனுப்புங்க."

"போன வாரம் அந்த மேடு அங்க இல்லைங்க."

"சராசரி போட்டாலாவது..."

"கப்பல் சராசரி மேலயா மிதக்கும்?"

பெர்சி டீயைக் கீழே கொட்டிவிட்டார்.

"இங்க பாருங்க," என்றார் ஹார்கோர்ட். குரல் ஏறிவிட்டது. "ஜனவரியிலேர்ந்து நீங்க எங்க ஆளு. நான் சொல்றதைச் செஞ்சு பழகிக்குங்க."

"நீங்க கேக்கலாம். சொல்ல முடியாது. ஆழத்துக்குக் கீழே கையெழுத்துப் போடுறது நான். நான் அளந்ததைத்தான் போடுவேன். வேற எண் வேணும்னா வேற படகு கூப்பிட்டுக்குங்க."

போனை வைத்தேன். சால்ட்ஹாம் கைவிட்டுப் போச்சு, டெஸ் எழுதினது மாதிரியே போச்சு என்று நினைத்தேன். பிறகு ரேடியோவில் அந்தக் கப்பலின் வழிகாட்டி மாலுமி, அந்த நெட்டைக் கிழவன் ஆலரி, கேட்பது காதில் விழுந்தது. "இந்த ஆழம் யாரு அளந்தது?" துறைமுகத்திலிருந்து, "டன்லின்" என்றார்கள். "ரோஸ் அளந்ததுன்னா சரியாத்தான் இருக்கும், நான் நகர மாட்டேன். வெளியிலயே நங்கூரம் போடுறேன்" என்றார்.

அவ்வளவுதான். கப்பல் வெளியிலேயே நின்றது. இன்று காலை தூர்வாரும் கப்பலை அனுப்பி அந்த மேட்டை வாருகிறார்கள். எனக்கு யாரும் நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

ஆரஞ்சுச் சட்டையை பெர்சிக்குக் கொடுத்தேன். தோட்டத்தில் சோளக்கொல்லை பொம்மைக்குப் போட்டுவிட்டாராம்.

ரோஸ்

*

ஹெஸ்ஸல்
23 நவம்பர் 2024

என் அன்புள்ள ரோஸ்,

பெர்சி மூன்று மடங்காக்கவில்லை. குறைத்துச் சொல்லியிருக்கிறார்!

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, ஊன்றுகோலை மறந்து எழுந்து நின்றுவிட்டேன். "சராசரி மேலயா மிதக்கும்" என்பதை மால்கமிடம் சொன்னேன், தபால்காரரிடம் சொன்னேன், முழங்காலுக்குப் பயிற்சி தர வரும் பெண்ணிடமும் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தாள். இத்தனை வருஷம் பக்கத்தில் நின்றும் நீ எவ்வளவு பெரிய ஆள் என்று எனக்குத் தெரிந்திருந்தது பாதிதான். எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கிறது என்று எழுதத் தெரியவில்லை. நான் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? "சரிங்க, இன்னொரு தடவை பார்க்கிறோம்" என்று இழுத்திருப்பேன். உனக்கும் அது தெரியும்.

இப்போது இதைக் கேள், உட்கார்ந்துகொண்டு கேள். ஹார்கோர்ட் ஆத்திரத்தில் நம் தொழிலின் பெயருக்கு ஒரு புகார் அனுப்பியிருக்கிறார். அப்படியே எழுதுகிறேன்: "நான் பொறுப்பேற்றதிலிருந்து உங்கள் நிறுவனம் என் உத்தரவு எதையும் மதித்ததில்லை. எந்த நாளில் அளப்பது, எந்தக் கோட்டில் போவது, யார் படகோட்டுவது, எல்லாம் உங்கள் இஷ்டம். என்னைக் கேட்காமலேயே யாரோ ஒரு முதியவரைப் படகோட்ட அனுப்பியிருக்கிறீர்கள். நாங்கள் தந்த சட்டையைக்கூட அணிவதில்லை. உங்களைக் கட்டுப்படுத்துவது என்னால் ஆகாத காரியம்."

பிரெம்னரிடம் படித்துக் காட்டினேன். மனிதர் தின்பதை நிறுத்திவிட்டார். நான் பார்த்து அப்படி நிறுத்தியது இதுதான் முதல் தடவை. "டெஸ், வேலைக்காரன் யாருன்னு கண்டுபிடிக்கச் சட்டம் கேக்குறதே இதைத்தான். எப்படிச் செய்யணும்னு சொல்ற அதிகாரம் அவங்களுக்கு இருக்கா? உங்களுக்குப் பதிலா வேற ஆளை அனுப்ப முடியுமா? ரெண்டுக்கும் அவரே கையெழுத்துப் போட்டுப் பதில் சொல்லிட்டாரு. காசு கொடுத்தாலும் இப்படி ஒரு சாட்சி கிடைக்காது!"

நாற்பது வருஷமாக இந்த ஆற்றங்கரையில் கணக்கு எழுதுகிறாராம், கட்சிக்காரரைத் திட்டி வந்த கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்று தோன்றியது இதுவே முதல் முறையாம்.

நேற்றே அனுப்பிவிட்டோம். முடிவை ஏற்கவில்லை, காரணம் உங்கள் மேலாளரின் கடிதத்திலேயே இருக்கிறது என்று. எனக்குப் பயம் போய்விட்டது. சால்ட்ஹாம் போனால் போகட்டும்.

அந்த விண்ணப்பத்தை எனக்குத் திருப்பி அனுப்பிவிடு. நான் அனுப்பியிருக்கவே கூடாது.

உன்
டெஸ்

*

பார்ட்டன்
9 ஜனவரி 2025

அன்புள்ள டெஸ்,

புத்தாண்டு உனக்கு நல்லதாக அமையட்டும். பிளம் ரொட்டி ஒன்று அனுப்புகிறேன், வெண்ணெய் தடவித் தின்னு, பாலாடைக்கட்டி வைத்தால் இன்னும் நல்லது.

துறைமுகத்தின் பதிலை நீயும் பார்த்திருப்பாய். "மறுபரிசீலனையில் உங்கள் பணி சுயதொழிலாகவே கருதப்படுகிறது." அதைச் சமையலறையில் மூன்று முறை சத்தமாகப் படித்தேன். மேற்கொண்டு ஒரு வரி, இனி ஆழ அளவு தொடர்பாக ஹார்கோர்ட் அல்ல, வழிகாட்டி மாலுமிகளின் தலைவரே நம்மிடம் பேசுவார் என்று. அந்த வரியை நான்காவது முறையும் படித்தேன். நாம் யாருக்கும் ஆள் இல்லை டெஸ். அப்படி இருந்ததும் இல்லை. இப்போது அதை எழுத்திலேயே ஒத்துக்கொள்ள வைத்துவிட்டோம்.

இனி நாம் கணவன் மனைவியாக இருந்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். யாரும் நம்மைக் கேட்கவில்லை.

அதனால்தான் இப்போது ரொட்டிப் பெட்டியைத் தூக்கினேன்.

விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பு என்று கேட்டாய். அனுப்புகிறேன், என் பக்கத்தையும் நிரப்பி, கையெழுத்துப் போட்டு. அவர்கள் கேட்டபோது போட்டிருந்தால் அது அவர்கள் வாங்கிய கையெழுத்து. நீ கேட்டபோது போட்டிருந்தால் அது உன் பயம் வாங்கிய கையெழுத்து. இது நானாகப் போட்டது. எனக்கு உன் மேல் கோபம் எதுவும் மிச்சமில்லை. நவம்பரில் நீ எழுதின கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். உன்னைப் போல ஒரு கூட்டாளி எனக்குக் கிடைக்க மாட்டான். ஆனால் வீட்டுக்குத் திரும்பி வர மாட்டேன். நீயும் இத்தனை வருஷம் பாலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது போதும்.

தொழிலில் ஒன்றும் மாறாது. உனக்குப் பாதி, எனக்குப் பாதி. படகில் ஆழத்தைத் தவிர வேறு பேச்சில்லை. திங்கள் காலை ஏழு மணிக்கு ஓதம். முழங்காலுக்குச் சூடான உறை போட்டுக்கொண்டு வா. பெர்சிக்கு விடை கொடுக்கவே மனசில்லை, ஆனால் நீ வருகிறாய் என்றால் சரி.

ரோஸ்

*

ஹெஸ்ஸல்
18 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ரோஸ்,

விவாகரத்தின் கடைசி உத்தரவு போன வாரம் வந்தது. உனக்கும் வந்திருக்கும். திறக்காமல் மேசைமேல் வைத்துவிட்டுத் தோட்டத்தில் புல் வெட்டினேன். பிறகு திறந்தேன். பிறகு அழுதேன், உன்னிடம் மறைப்பானேன். ஜனவரியில் நீ எழுதினதற்கு நான் பதில் போடவேயில்லை. திங்கள் காலை முழங்கால் உறையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றேனே, அதுதான் பதில்.

இன்றைக்கு நீ படகுத்துறைக்கு வந்ததும் நின்றுவிட்டாய். பார்த்தாய். பிறகு ஏறி, கருவியைப் போட்டுவிட்டு, "ஆறு புள்ளி நாலு" என்றாய். நானும் "ஆறு புள்ளி நாலு" என்றேன். உன் விதிப்படி படகில் கேட்க முடியாததால் இங்கே கேட்கிறேன்: படகின் பக்கத்தில் எழுத்து நன்றாக இருக்கிறதா? சனி, ஞாயிறு இரண்டு நாளும் மண்டி போட முடியாமல், ஸ்டூலில் உட்கார்ந்தே வரைந்தேன். "மால்ட்பி & கார்சைடு, ஆழ அளவை." நீ பிறந்த வீட்டுப் பெயரில் எத்தனை எழுத்து என்று இருபத்தெட்டு வருஷம் கழித்துக் கவனித்தேன். ஆலரி நேற்று அந்த வழியாகப் போகும்போது தொப்பியைத் தூக்கிக் காட்டினார். எனக்கு இல்லை, அந்த முதல் பெயருக்கு.

இந்த வருஷக் கேள்வித்தாளும் வந்துவிட்டது. வருஷா வருஷம் கேட்பார்களாம். "கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் உறவினரா?" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதினேன். எழுதக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அதற்கு அடுத்த கேள்வி எளிதாக இருந்தது. "வேலையை எப்படிச் செய்வது என்று இறுதியாக முடிவு செய்பவர் யார்?" என்று கேட்டிருக்கிறார்கள். யோசிக்கவே இல்லை. ரோசலின்ட் மால்ட்பி என்று எழுதி, கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

நாளை ஓதம் காலை எட்டே கால்.

டெஸ் கார்சைடு